மெ தய்: மரமா, வசவா?

வியட்நாமிய மொழித் தேர்வுக்குப் படித்தபோது ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நோட்டில் எழுதி உருப்போட்டேன். அது எவ்வளவு ஆபத்து என்று மாதிரித் தேர்வில் வந்த 'மெ தய்' காட்டிக்கொடுத்தது.

நோட்டின்படி, மெ என்றால் புளி. தய் என்றால் மேற்கு. கிட்டத்தட்ட நம் தை மாதம் போலத்தான் ஒலிக்கும். இரண்டும் சேர்ந்தால் மேற்கத்தியப் புளி, அதாவது நம் தூங்குமூஞ்சி மரம். இலை புளியிலைச் சாயலில் இருக்கிறதே, சரிதான் என்று விட்டுவிட்டேன்.

வாசிப்புப் பகுதியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் கதை. ஒரு பெண் 'மெ தய்' ஆகிவிட்டாள், ஊரார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் செத்து மரமாகிவிட்டாள், இது ஏதோ நாட்டார் கதை என்று நானே முடிவுகட்டி நான்கு கேள்விக்கும் பதில் எழுதினேன். நான்கும் தப்பு.

அந்தக் காலத்தில் 'தய்' என்றாலே பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன். அவனைக் கட்டிக்கொண்ட அல்லது அவனோடு சேர்ந்து வாழ்ந்த உள்ளூர்ப் பெண்தான் மெ தய். மரியாதைச் சொல் இல்லை, ஏச்சு. 1934இல் வூ சோங் ஃபூங் என்ற எழுத்தாளர் வடக்கே தி கவ் என்ற ஊரில் பிரெஞ்சு அந்நியப் படைச் (Foreign Legion) சிப்பாய்களோடு வாழ்ந்த பெண்களைப் பற்றிப் பத்திரிகைத் தொடரே எழுதினார். தலைப்பு, 'வெள்ளைக்காரனைக் கட்டிக்கொள்ளும் தொழில்'. எந்த அகராதியை விடவும் அந்தத் தலைப்பு இந்தச் சொல்லின் கசப்பை எனக்கு நன்றாகப் புரியவைத்தது.

அப்புறம் படிக்கும் முறையை மாற்றினேன். சொல்லை அதன் அக்கம்பக்கத்தோடு எழுத ஆரம்பித்தேன். முன்னால் 'கய்' (மரம்) வந்தால் தாவரம். பக்கத்தில் 'லய்' (கட்டிக்கொள்) வந்தால் பெண். அச்சில் பெண்ணைக் குறிக்கும்போது தய்யின் முதலெழுத்தைப் பெரும்பாலும் பெரிய எழுத்தாகப் போடுவார்கள். கேட்டல் தேர்வில் அந்த உதவி கிடையாது. அங்கே தொனியிலும் கவனம் வேண்டும். தெற்கத்தி வழக்கில் மெ என்பதைச் சமமாகச் சொன்னால் புளி, இறக்கிச் சொன்னால் எள், அழுத்தி வெட்டினால் அம்மா. சமையல் குறிப்பு கேட்கும்போது அம்மாவைச் சட்டியில் போட்டுவிடாதீர்கள்.

தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'தய்' செய்கிற வேலையை நம்மிடம் 'சீமை' செய்கிறது. சீமைக் கருவேலம், சீமெண்ணெய், சீமைத்துரை. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், ஸ்ட்ராபெர்ரி எல்லாவற்றுக்கும் அங்கே தய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்ட்ராபெர்ரி அவர்களுக்குச் சீமை மல்பெரி! தூங்குமூஞ்சியும் உருளைக்கிழங்கும் கருவேலமும் உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மண் எதுவானால் என்ன, கப்பலில் வந்திறங்கினால் சீமைதான், தய்தான். இப்படி ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதியதும் இருபது சொல் ஒரே மாலையில் மண்டையில் ஏறியது. தூங்குமூஞ்சிக்கு அங்கேயும் 'மூங் ங்கூ', தூங்கும் கொன்றை, என்று இன்னொரு பெயர் உண்டு. மாலையில் இலை மடிவதை அவர்களும்தானே பார்த்திருப்பார்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, சைகோனில் ஒரு தூங்குமூஞ்சி நிழலில் காப்பி விற்ற அக்காவிடம் மரத்தைக் காட்டி, "கய் மெ தய்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோங்" என்றார். தெற்கே அதுதான் பெயராம். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.