பழைய கார் வாங்குகிறவர்கள் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

காட்பாடியில் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கும் தங்கை மகன், "மாமா, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போதாதா?" என்று கேட்டான். சட்டத்துக்குப் போதும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதைத்தான். நம் கார் மோதி அடுத்தவருக்கு அடிபட்டாலோ, உயிர் போனாலோ, அவர் சொத்து சேதமானாலோ அது கொடுக்கும். நம் காருக்குச் சல்லிக்காசு வராது.

2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்த ஊர் நம்முடையது. வெள்ளம், தீ, திருட்டு எல்லாம் நம் வண்டிக்கான ஓன் டேமேஜ் இன்சூரன்ஸில்தான் வரும். இரண்டும் சேர்ந்ததைத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோம். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் பணம். தாழ்வான தெருவில் வீடு இருந்தால் நான் அதை விடவே மாட்டேன்.

அப்புறம் தேய்மானக் கணக்கு. உடைந்த பம்பருக்கு 8,000 ரூபாய் பில் என்றால், பிளாஸ்டிக் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் கவரைச் சேர்த்து எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை.

அவனிடம் அழுத்திச் சொன்னது இதுதான்: ஆர்சி பெயர் மாறினால் போதாது, வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடு. இல்லையென்றால் ஓன் டேமேஜ் கிளைம் நிற்காது. கிளைம் செய்யாததற்காக விற்றவருக்குப் பிரீமியத்தில் கிடைத்த தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், அவரோடு போய்விடும். அந்தப் பிரீமிய வித்தியாசத்தைக் கட்டப் பணம் எடுத்து வை.