செய்தால் நடப்பான்

“தினமும் செய்தால் நடப்பான்” என்று அந்தத் தாயிடம் பிசியோதெரபிஸ்டான நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்று இந்த மூன்று ஆண்டுகளில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ‘செய்தால்’ என்ற அந்த ஒரு சொல் என்னை விடுவதாக இல்லை.

பையனுக்கு அப்போது இரண்டரை வயது. காசநோய்க் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல். மூளையில் நீர் கோத்ததால் அதை வடிக்க ஷன்ட் என்ற குழாயை வைத்திருந்தார்கள். இரத்தக்குழாய் அடைபட்டு மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதில் வலது கையும் காலும் செயலிழந்திருந்தன. மாத்திரைகள் ஓராண்டுக்கு. அவ்வளவையும் கேட்டுக்கொண்ட அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நடப்பானா மேடம்?” மருத்துவர்கள் “பார்க்கலாம்” என்றிருந்தார்கள். அந்தப் “பார்க்கலாம்” என்ற பதிலோடு வீடு திரும்பிய குடும்பங்கள் இரண்டாம் மாதமே பயிற்சியை விட்டுவிட்டு எங்கெங்கோ அலைவதைப் பல ஆண்டுகளாகக் கண்டவள் நான். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த வயதில் மூளையின் பாதிக்கப்படாத பகுதிகள் புதிய வேலைகளை ஏற்கப் பழகும். ஆனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் பழகும். கெண்டைக்கால் தசையோ அதுவரை காத்திருக்காது. நாள்தோறும் நீட்டிவிடாவிட்டால் இறுகிக் குதிகாலை மேலே தூக்கிவிடும். ஆகவே முழங்காலை மடக்காமல் குதிகாலைப் பிடித்து முப்பது எண்ணும்வரை பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கவும், இடது கையைத் துணிப்பையால் மூடிவிட்டு வலது கையால் பொரி பொறுக்கவிட்டு விளையாட்டுக் காட்டவும் சொல்லித்தந்தேன். காலை, மதியம், மாலை என்று கட்டம் போட்ட ஒரு நோட்டை அவர் கையில் கொடுத்து, செய்த வேளைக்குச் ‘சரி’யும் விட்ட வேளைக்குப் பெருக்கல் குறியும் போடச் சொன்னேன். அந்த நோட்டை அவர் கையில் மட்டும் கொடுத்தேன். இதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

எட்டு மாதம் கழித்து அவர்கள் வந்தபோது கணுக்கால் இறுகியிருந்தது. இடையில் ஷன்ட் அடைத்துக்கொண்டு பதினாறு நாள் வேறொரு மருத்துவமனையில் இருந்திருக்கிறார்கள். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலால் வந்துபோகச் செலவில்லை. ஆனால் வரும் நாளில் கூலி கிடையாது. மாமியார் உட்காருவதற்கு முன்பே சொன்னார்: “நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே, செஞ்சா நடப்பான்னு. இவ செய்யல, அதான் நடக்கல.” அந்த அம்மா பதில் பேசவில்லை. நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்து, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “எத்தனை நாள் விட்டதால மேடம் இப்படி ஆச்சு?”

பெருக்கல் குறிகளை அவர் எண்ணி, பக்கத்தின் அடியில் கூட்டியும் வைத்திருந்தார். மருத்துவமனையில் கிடந்த பதினாறு நாளும் அந்தக் கணக்கில் இருந்தன.

நான் “அப்படியெல்லாம் இல்லம்மா” என்றேன். உடனே குனிந்து கணுக்காலின் கோணத்தை அளக்கத் தொடங்கிவிட்டேன். அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த பதில் அவ்வளவுதான். அடைபட்ட குழாய் மூளையில் எந்த இடத்தைக் கெடுத்தது என்பதுதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது என்றும், ஒரு வேளைகூட விடாத குழந்தைகளுக்கும் கால் இறுகுவதுண்டு என்றும் மாமியாரின் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வேளைகளையும் விடாமல் செய்திருந்தால் அந்தக் கால் அந்த அளவுக்கு இறுகியிருக்காது என்பதும் ஓரளவு உண்மைதானே? ஆறுதலுக்காக அதை மறைத்தால் மறுநாள் காலை அவர் எதற்காக நீட்டிவிடுவார்? இப்படி யோசிக்கும்போது என் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மறுகணமே, காலை வேளை பாட்டியுடையது, மாலை வேளை அப்பாவுடையது என்று முதல் நாளே பிரித்துக் கொடுத்திருந்தால் அந்தப் பெருக்கல் குறிகள் ஒருத்தியின் குற்றப்பட்டியலாக ஆகியிருக்காது என்றும் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் வேறு விதமாகச் சொல்கிறேன்: நடக்க வாய்ப்பு உண்டு, மூளைக்கு எவ்வளவு திரும்புகிறது என்பது நம் கையில் இல்லை, திரும்பும்போது கால் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயிற்சி. இதுதான் நேர்மையான பதில் என்று நம்புகிறேன். கடந்த ஆண்டு இதைப் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிய ஒரு தந்தை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு குழந்தையை அழைத்து வரவே இல்லை. பழைய வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ.

அந்தப் பையனுக்கு வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி மாவுக்கட்டுப் போட்டுக் கணுக்காலைத் தளர்த்தி, அதை அந்த நிலையிலேயே தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் மாட்டினோம். நான்கு வயது முடியும் தறுவாயில், வலது காலைச் சற்று இழுத்தபடி, சுவரைப் பிடிக்காமல் என் அறையின் குறுக்கே நடந்தான். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “விடாம செஞ்சா பாருங்க, அதான் நடந்துட்டான்.” அந்த அம்மா முதல்முறையாக என் எதிரில் சிரித்தார். அது அவர் செய்ததால் மட்டும் வந்தது இல்லை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. ஆமாம் என்று தலையசைத்தேன். நோட்டு அப்போதும் அவர் மடியில்தான் இருந்தது.