198 பக்கத்தை 192 ஆக்கிய கதை

என் முதல் நாவல் அச்சுக்குப் போன கதையைச் சொல்லச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதியது எட்டு மாதம், அதைப் புத்தகமாக்க அலைந்தது ஒன்றரை வருடம். அலைந்த பகுதியை மட்டும் சொல்கிறேன்.

நாவலின் நாயகி சரசு, வயது 41. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவள். கணவன் விட்டுவிட்டுப் போய்ப் பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான், இவள் கதவைத் திறக்கவில்லை. நடுவில் ஒரு குழந்தையும் சாகிறது. அவ்வளவுதான் கதை.

முதலில் கொடுத்தது இலக்கிய நூல்கள் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'நன்றாக ஓடுகிறது, ஆனால் அந்த ஓட்டம்தான் பிரச்சினை' என்றார்கள். கதை கொஞ்சம் கலைந்து கிடக்க வேண்டுமாம், கொங்கு வழக்கு இன்னும் அடர்த்தியாக வேண்டுமாம். நான் ஈரோட்டில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் வீட்டில் யாரும் அவர்கள் கேட்ட அளவுக்கு 'ஏனுங்', 'வாங்' போட்டுப் பேசுவதில்லை. போதாக்குறைக்கு நூறு பிரதி நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். முன்பெல்லாம் 1200 பிரதி அடிப்பார்கள், இப்போது 300 அடித்தாலே பெரிய விஷயம், அதில் நூறு என் தலையில். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்துப் போனது குடும்ப நாவல்கள் போடும் பதிப்பகம். அங்கே எல்லாம் வேகம், பத்தே நாளில் போன் வந்தது. பதிப்பாளர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. 'நாயகன் முதல் பத்துப் பக்கத்துக்குள்ள வந்துடணும்மா. நாயகிக்கு 41 எல்லாம் ஆகாது, 24 வைங்க. குழந்தை சாகக்கூடாது. முடிவு சேர்ந்தே ஆகணும்.' ஏன் சார் என்று கேட்டேன். 'நம்ம புத்தகத்தை வாங்குறதுல பாதிக்கு மேல லெண்டிங் லைப்ரரிக்காரங்க. எடுத்துட்டுப் போறவங்க அழுதுக்கிட்டே திருப்பிக் கொடுத்தா, அடுத்த புக்கை அவங்க எடுக்க மாட்டாங்க' என்றார். எனக்குக் கோபம் வந்தாலும் பதில் வரவில்லை. அவர் சொன்னது அவருடைய வியாபாரக் கணக்கு, அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கல்லூரிக் காலத்தில் பெரியம்மாவுக்காக வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று எடுத்து வந்தவள் நானும்தானே, கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தானே எடுப்பேன்.

பேரம் நடந்தது. வயதை 24 ஆக்கினால் பதினோரு வருடம் பிரிந்திருந்த கதை எங்கே நிற்கும், பதிமூன்று வயதிலா கல்யாணம் என்றேன். கடைசியில் 36-க்கு ஒத்துக்கொண்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. முடிவில் மட்டும் அசையவே இல்லை.

இதற்கு நடுவில் பக்கக் கணக்கு. லேஅவுட் முடித்தபோது 198 பக்கம் வந்தது. புத்தகத்தை ஃபாரம் ஃபாரமாகத்தான், அதாவது பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்துத்தான் அடிப்பார்கள். ஒரு ஃபாரம் 16 பக்கம், 12 ஃபாரம் என்றால் 192. அரை ஃபாரம் சேர்த்து 200 ஆக்கலாமே என்றேன். விலை ஏறும், 12-லேயே முடியுங்கள் என்றுவிட்டார். எழுத்தைச் சின்னதாக்கவும் சம்மதிக்கவில்லை, வாசகிகளில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். லேஅவுட் செய்த பெண் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். பத்தியின் கடைசி வரியில் ஒரே ஒரு வார்த்தை தொங்கிக்கொண்டிருக்கும் இடங்களைத் தேடி, அந்தப் பத்தியில் எங்காவது ஒரு சொல்லை எடுத்தால் ஒரு வரி மிச்சம். 'அப்போது', 'மெதுவாக', 'தன்னுடைய' என்று பொறுக்கி எடுத்ததிலேயே இரண்டரைப் பக்கம் குறைந்தது. எடுத்த சொற்களில் ஒன்றுகூட இல்லாத குறை தெரியவில்லை, கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மீதி மூன்றரைப் பக்கத்துக்கு மண்டிக் காட்சியில் கை வைத்தேன். மாதிரி மஞ்சளைப் பரப்பி வைத்திருப்பது, வியாபாரிகள் வருவது, மூட்டைக் கணக்கு, எல்லாம் ஐந்து பக்கம் எழுதியிருந்தேன். வெட்டி வெட்டி, ஒரு வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவதும், சரசு அந்த இரண்டு துண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வதும் மட்டும் மிஞ்சியது. படித்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். அதனால் பதிப்பாளர் விதி என்றாலே கழுத்தை நெரிப்பது என்று நான் சொல்ல மாட்டேன். காகிதக் கணக்கு எனக்கு நல்லதுதான் செய்தது.

முடிவு வேறு விஷயம். 2023 ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வந்தாக வேண்டும், டிசம்பரில் அச்சகங்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, இரண்டு நாளில் கடைசி அத்தியாயம் வேண்டும் என்றார். உட்கார்ந்து எழுதினேன். சரசு கதவைத் திறந்தாள். அழுதாள். அவனும் அழுதான். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நல்லவேளை சேர்த்து வச்சே கண்ணு' என்றார். சிரித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பழைய முடிவோடு கிண்டிலில் போடலாமே என்று அப்புறம் தோன்றியது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், பத்து சதவீத ராயல்டி வரி வரைக்கும்தான் நான் கவனமாகப் படித்திருக்கிறேன். அதற்குக் கீழே மின்நூல், ஒலிநூல் உரிமை இரண்டும் ஐந்து வருடத்துக்கு அவர்களுக்கு. கையெழுத்துப் போட்டது 2022 ஆகஸ்ட். நீங்கள் போடுவதற்கு முன்னால் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். என் மடிக்கணினியில் 'சரசு கடைசி அத்தியாயம் பழசு' என்று ஒரு கோப்பு 2027 ஆகஸ்ட்டுக்காகக் காத்திருக்கிறது.