உயிரோடு இருக்கிறார் என்று நான் கையெழுத்திட்டவர்கள்

இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் ஒரு வங்கிக் கிளையின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு எதிரே உள்ள நாற்காலியில் இரண்டு வகையினர் மாறி மாறி அமர்வார்கள். கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் தென் கொரியாவிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தை எடுக்க வரும் தேயிலைத் தோட்டத்துப் பெற்றோர் ஒரு வகை. பிரித்தானியா, ஜேர்மனி, அமெரிக்கா, நியூசிலாந்து என்று வசதி படைத்த நாடுகளை விட்டு வந்து, எல்லவிலும் அப்புத்தளையிலும் தியத்தலாவையிலும் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் மற்ற வகை.

முதல் வகையினரின் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொடவே 2021 வரை போராட வேண்டியிருந்த சமூகத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. இரண்டாம் வகையினரைப் பற்றித்தான் ஊரே கேட்கிறது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மாவும் கேட்பார்: "அவ்வளவு பெரிய நாட்டை விட்டுவிட்டு இந்தக் காட்டுக்கு எதற்கு வருகிறார்கள்?" குளிர் தாங்காமல் வருகிறார்கள், இங்கே எல்லாம் மலிவு என்பதால் வருகிறார்கள் என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் படிவங்களை நிரப்பும் நேரத்தில் அவர்கள் என்னிடம் சொன்னவை இதைவிட ஆழமானவை. வாடிக்கையாளர் இரகசியம் காப்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே விட்டுவிட்டேன்.

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த படிவம் உயிர்வாழ்ச் சான்றிதழ். வெளிநாட்டில் வசிக்கும் தன் ஓய்வூதியர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாரா என்று அந்தந்த நாடு விசாரிக்கும். ஜேர்மனியின் படிவம் ஆண்டின் நடுப்பகுதியில் வரும். பிரித்தானியாவின் கடிதம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடவுச்சீட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்து, "இவர் என் முன்னிலையில் ஒப்பமிட்டார்" என்று எழுதி முத்திரை குத்த வேண்டும். கை நடுங்கும் முதியவர்கள் அந்தச் சிறிய கட்டத்துக்குள் கையெழுத்தை அடக்கப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பேச்சு தொடங்கும்.

இங்கிலாந்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் அப்படித்தான் பேசத் தொடங்கினார். அவருடைய அரசு ஓய்வூதியம் ஆண்டுக்கணக்கில் ஒரு பென்னி கூட ஏறவில்லை. பிரித்தானியாவுக்குள் இருப்பவர்களுக்கு அது ஒவ்வோர் ஆண்டும் உயர்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்களுக்கும் உயர்கிறது. இலங்கை, இந்தியா, அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளுக்குப் போனவர்களுக்கோ, போனபோது இருந்த தொகையிலேயே நின்றுவிடுகிறது. இப்படி உறைந்த ஓய்வூதியத்தோடு உலகெங்கும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இது தெரிந்தா வந்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரிந்துதான் வந்தேன். அங்கே தொகை ஏறும், அதைவிட வேகமாக வாடகை ஏறும். இங்கே தொகை நிற்கிறது, நான் நிம்மதியாக நடக்கிறேன்."

பிறகு அவர் கணக்கை விரித்தார். வீட்டு வாடகை, மாநகர வரி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் செலவு. 2022 ஏப்ரலில் அங்கே எரிவாயு, மின்சாரக் கட்டணங்களின் உச்சவரம்பு ஒரே தடவையில் 54 சதவீதம் உயர்ந்தபோது, அவருடைய அக்கா ஓர் அறையில் மட்டும் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மற்ற அறைகளைப் பூட்டிவிட்டாராம். முதுமையில் பராமரிப்பு தேவைப்பட்டால் நிலைமை இன்னும் கடுமை. இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பும் சொத்தும் இருப்பவர் பராமரிப்பு இல்லத்தின் முழுச் செலவையும் தானே கட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்க உழைத்து ஒரு சிறிய வீட்டை வாங்கியவர், கடைசிக் காலத்தில் அந்த வீட்டை விற்றுக் கட்டுகிறார். வைத்தியசாலை இலவசம், பராமரிப்பு இலவசமில்லை. இந்த வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது.

அவர் அந்த நாட்டின் ஏழை அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கு இலங்கை வழங்கும் 'மை ட்ரீம் ஹோம்' வதிவிட விசாவுக்கு 15,000 டொலர் வைப்பு வைக்க வேண்டும், மாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வந்துசேர வேண்டும். அரசு ஓய்வூதியத்தோடு பஸ் கம்பனியின் ஓய்வூதியமும் இருந்ததால் அவரால் அதை எட்ட முடிந்தது. உண்மையிலேயே கையில் ஒன்றுமில்லாத பிரித்தானியர் என் மேசைக்கு வர வழியே இல்லை. எங்கள் தோட்டங்களிலும் அப்படித்தான். ஏஜென்சிக்குக் கட்டப் பணமோ அடகு வைக்க நகையோ இல்லாத குடும்பத்திலிருந்து வெளிநாடு போவது அரிது.

பணம் ஒரு காரணம்தான். ஜேர்மனியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாருக்குப் பணக் கஷ்டம் இருக்கவில்லை. அவர் சொன்னது இது: "வெள்ளிக்கிழமை மாலை கடையில் நன்றி சொல்வேன். அடுத்து வாயைத் திறப்பது திங்கட்கிழமை காலையில்." அந்த நாட்டில் ஐந்தில் இரண்டு வீடுகள் ஒருவர் மட்டுமே வாழும் வீடுகள். இங்கே காலையில் பால் கொண்டுவருபவர், எதிர்வீட்டுப் பிள்ளைகள், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் என எல்லோரும் பேசுகிறார்கள். எத்தனை வயது, எத்தனை பிள்ளைகள், கணவர் எங்கே என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்பது முதலில் அதிர்ச்சியாக இருந்ததாம். இப்போது யாரும் கேட்காவிட்டால் ஏதோ குறைகிறதாம்.

இதைக் கேட்டு நம் ஊரைப் பற்றிப் பெருமைப்பட்டுவிட்டுப் போய்விடலாம். என்னால் முடியவில்லை. அவர் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொடுப்பவர் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அந்தப் பெண்ணின் அக்கா குவைத்தில் வேறொரு வீட்டில் பிள்ளை பார்க்கிறார். இவர்களுடைய தாயோ லயத்து வீட்டில் பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிறார். ஒரு நாட்டின் தனிமையைப் போக்கும் கைகள் இன்னொரு வீட்டைத் தனிமையாக்கிவிட்டுத்தான் வருகின்றன. அந்த அம்மையாருக்கு இது புரியாமலில்லை. சம்பளத்தைக் குறைவில்லாமல் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைக் கட்டாயமாக்கியிருக்கிறார். இருந்தாலும் இது ஒருவருடைய நல்ல மனதால் மட்டும் தீர்ந்துவிடும் விஷயமில்லை.

இளையவர்களின் காரணங்கள் வேறு. எல்லவில் தங்கி மடிக்கணினியில் வேலை செய்யும் ஒரு நியூசிலாந்துத் தம்பதியர், தங்கள் நகரத்தில் இரண்டு பேர் சம்பளத்திலும் வீடு வாங்க முடியாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டே கிளம்பினார்கள். அவர்களுடைய நண்பர்களில் பாதிப்பேர் சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். 1973 முதல் இரண்டு நாட்டுக் குடிமக்களும் தடையின்றிப் போய் வரலாம், வேலை செய்யலாம். சம்பளம் அங்கே அதிகம். ஐம்பது இலட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நியூசிலாந்து, 2024 இல் திரும்பி வந்தவர்களைக் கழித்த பிறகும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொந்தக் குடிமக்களை இழந்தது. ஜேர்மனியை விட்டும் ஆண்டுதோறும் சுமார் இரண்டரை இலட்சம் ஜேர்மனியர் வெளியேறுகிறார்கள். அவர்கள் அதிகம் போவது சுவிட்சர்லாந்துக்கு. அந்தச் சுவிட்சர்லாந்தின் குடிமக்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல், எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர், வெளிநாட்டில் வாழ்கிறார்கள். இவ்வளவு போதும் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்ட நாடு எதுவும் இல்லை.

அமெரிக்கர்கள் வந்தால் படிவங்கள் கூடும். எங்கே வாழ்ந்தாலும் தன் குடிமகன் தனக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உலகில் அமெரிக்காவும் எரித்திரியாவும்தான். 2010 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய கணக்கு விவரங்களை நாங்களும் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. அறுபதுக்குள் ஓய்வு பெற்ற ஒருவர், 65 வயதில் அரசுக் காப்புறுதி கிடைக்கும் வரை மருத்துவக் காப்புறுதிக்குக் கட்டும் பணத்தைவிட இங்கே வாழும் முழுச் செலவும் குறைவு என்றார். அந்த அரசுக் காப்புறுதி இலங்கையில் செல்லாது என்பதும் அவருக்குத் தெரியும். பெரிய நோய் வந்தால் திரும்பிப் போவதே அவருடைய திட்டம்.

திரும்பிப் போக முடியும். இந்த ஒன்று அவர்கள் எல்லோருக்கும் பொது. பஸ் ஓட்டியவர் நாளைக்கே நிரந்தரமாகத் திரும்பினால் உறைந்த ஓய்வூதியம் இன்றைய அளவுக்கு உயர்ந்துவிடும். எங்கள் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமையற்றிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. என் தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத்தான் சுமந்தார். அவரிடம் போக விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை, திரும்பி வரவும் வழி வைக்கவில்லை.

இந்த மலைகளுக்கு வெள்ளைக்காரர் வருவது புதிதுமல்ல. இலங்கைத் தேயிலையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் 1852 இல் வந்தபோது அவருக்குப் பதினாறு, பதினேழு வயதுதான். உலகின் மிகச் செல்வமான நாடு அப்போது பிரித்தானியா. ஆனால் ஸ்கொட்லாந்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்த பையனுக்கு அந்தச் செல்வத்தில் பங்கு இருக்கவில்லை. அவர் 1867 இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892 இல் இங்கேயே இறந்து கண்டியில் அடக்கம் செய்யப்பட்டார். அவரும் பிழைப்புத் தேடி வந்தவர், எங்கள் முன்னோரும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஒருவர் துரையானார், மற்றவர்கள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்றார்கள். ஆண்ட நாட்டிலிருந்து வந்தார்களா, ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்தார்களா என்பது அதைத் தீர்மானித்தது.

அந்த வித்தியாசத்தை நான் கண்முன்னால் பார்த்தது 2022 இல். மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய், மே மாதம் 360 ரூபாய். எங்கள் சம்பளத்தின் டொலர் மதிப்பு ஏறத்தாழப் பாதியானது. அவர்களுடைய ஓய்வூதியம் ரூபாயில் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஒரு காலையில் ஜேர்மன் அம்மையார் வழக்கமான தொகையை எடுத்தார். நோட்டுக்கட்டு வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்ததைக் கையில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால், கடவுச்சீட்டு எடுக்க மகனைக் கொழும்புக்கு அனுப்புவதற்காகத் தங்கையின் நகைக்கடன் சீட்டோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அம்மையார் அந்த மாதமே சமையல்காரப் பெண்ணின் சம்பளத்தை டொலர் ஏறிய அளவுக்கு உயர்த்தினார். அந்த ஆண்டு மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி இலங்கையை விட்டுப் போனார்கள்.

இத்தனை பேரைக் கேட்ட பிறகு என் அம்மாவுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நாடு பணக்கார நாடாக இருப்பது வேறு, அங்கே ஒருவர் சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சுகிறது, வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள், வாரக் கடைசியில் யார் பேசுவார்கள் என்பது வேறு. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாதபோது, போக முடிந்தவர்கள் போகிறார்கள்.

அண்மையில் ஜேர்மனிக்குத் தாதியாகப் போக விண்ணப்பிக்கும் ஒரு தோட்டத்துப் பெண் கடன் விசாரிக்க வந்தார். ஜேர்மன் அம்மையார் என் மேசையிலிருந்து எழுந்து போவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மிஸ், அவர்களே விட்டுவிட்டு வரும் நாட்டுக்கு நான் போவது சரிதானா?"

"போ தங்கச்சி," என்றேன். "ஆனால் சம்பளத்தை மொத்தமாகக் கேட்காதே. வரியும் காப்புறுதியும் கழிந்து கையில் எவ்வளவு என்று கேள். வைத்தியசாலை இருக்கும் ஊரில் ஓர் அறையின் வாடகை என்ன என்று கேள். உன் தகுதியை அவர்கள் அங்கீகரிக்கும் வரை உதவியாளர் சம்பளம்தான் தருவார்கள், அது எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்கு. உன் ஊர்ப் பிள்ளைகள் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று இப்போதே தேடு."

அவர் எல்லாவற்றையும் விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பி1 நிலை ஜேர்மன் மொழித் தேர்வு அடுத்த மாதம். கடனுக்குப் பிணை நிற்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கிடைத்துவிட்டார்.