ஓலாவா, சுகாவா?

ஜூன் முதல் வாரம். பள்ளி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கும்போதே மும்பை செம்பூரில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் என் ஆறு வயது மகள், எதிர் ஃபிளாட்டிலிருந்து ஏழு வயதும் நாலு வயதுமாக இரண்டு பையன்கள், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, நான். மனைவிக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ். "டிவி போடாதீங்க, உருப்படியா ஏதாவது செய்ய வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவுக்காகப் பால்கனியில் சேர்த்து வைத்திருந்த மூட்டையை ஹாலில் கொட்டினேன். இதிலிருந்து ஒரு மிருகம் செய்யப் போகிறோம் என்று அறிவித்தேன். யாரும் நம்பவில்லை. பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து 1942-இல் பிக்காசோ செய்த காளைத் தலையைப் போனில் காட்டினேன். "அப்போ அந்த சைக்கிளை எப்படி ஓட்டுவாங்க?" என்றான் பெரியவன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் மகனின் இரண்டு பொம்மைக் கார்களை வைத்தே பபூன் குரங்குக்கு முகம் செய்தவர் அவர் என்றும் சொல்லித் தொலைத்தேன். சின்னவன் தன் கார்கள் இரண்டையும் பனியனுக்குள் போட்டுக் கையால் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. ஒற்றைக் கையால்தான் கலைக்குத் தொண்டாற்றினான்.

யானையா, பல்லியா, பிளெமிங்கோவா என்று சண்டை நடந்து பிளெமிங்கோ ஜெயித்தது. ஏப்ரலில்தான் ஐரோலியிலிருந்து படகில் போய், தாணே கழிமுகத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

கால் உடனே அமைந்துவிட்டது. போன மழைக்கு உடைந்த குடையின் கம்பி. நடுவில் மூட்டு இருக்கிறதே, அது பிளெமிங்கோ மாதிரியே பின்பக்கமாக மடங்கியது. "முட்டி தப்பா மடங்குது" என்றாள் மகள். அது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேலே உடம்போடு ஒட்டி இறகுக்குள் ஒளிந்திருக்கும் என்று விளக்கினேன். மூவரும் தங்கள் கணுக்காலைக் குனிந்து பார்த்தார்கள். அன்று நான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

உடம்புக்கு அட்டைப்பெட்டியை வெட்டப் போனபோது அம்மா உள்ளே புகுந்தாள். "பேப்பரை ஊற வெச்சு அரைச்சுப் பாத்திரத்து மேல அப்புடா. எங்க வீட்ல முறம், கூடை எல்லாம் அப்படித்தான்." கூழில் வெந்தயத்தையும் அரைத்துச் சேர்த்தால் பூச்சி அண்டாதாம். மூன்று நாள் ஊற வேண்டும் என்றாள் அம்மா. பிள்ளைகள் மதியச் சாப்பாடு வரை அவகாசம் கொடுத்தார்கள். வெந்நீரில் போட்டு ஒப்பேற்றினோம். ஆட்டுக்கல் இல்லாத வீட்டில் எதில் அரைப்பது? மிக்ஸியில்தான். மராத்தி, இந்தி, தமிழ் மூன்று பேப்பரும் ஒரே ஜாரில் சுற்றிக் கூழான காட்சியைத் தேசிய ஒருமைப்பாட்டு விளம்பரத்துக்கே கொடுக்கலாம். மறுநாள் தேங்காய்ச் சட்னியில் மை வாசனை வந்தது வேறு விஷயம்.

குக்கர் கேரியரின் கிண்ணத்தைக் கவிழ்த்து மேலே கூழை அப்பினோம். ஹேங்கர் கம்பி கழுத்தானது. பிளாஸ்டிக் ஸ்பூனை மெழுகுவத்தியில் காட்டி வளைத்து அலகாக்கி, நுனிக்கு அம்மா தன் கண்மையைத் தீற்றினாள். இறக்கைக்கு ரோஸ் கலரில் ஏதாவது வேண்டும். பெரியவன் எங்கிருந்தோ ஒரு துணி கொண்டுவந்தான். தையல்காரர் மிச்சம் கொடுத்த பிட் என்று நினைத்தேன். நானேதான் கத்தரியும் கொடுத்தேன். கடைசித் துண்டை ஒட்டும்போதுதான் ஓரத்து ஜரிகை கண்ணில் பட்டது. மைத்துனன் கல்யாணப் புடவைக்கு மேட்சிங் பார்க்க என்று பீரோ மேல் தனியாக எடுத்து வைத்த ரவிக்கைத் துணி.

அந்த நேரம் பார்த்து மகள் சொன்னாள்: "அப்பா, குட்டி பிளெமிங்கோ கிரேயாதான் இருக்கும்னு படகுல சொன்னாங்களே. சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் பிங்க் ஆகும். நம்மளது குட்டிதானே?"

கூழ் ஏற்கெனவே நல்ல சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

மனைவி வந்து பறவையைப் பார்த்தாள், ஜரிகையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் எதிரில் எதுவும் சொல்லவில்லை. சாப்பிடும்போதும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மழையில் அது காயவே இல்லை. ஃபேனுக்கடியில் இரண்டு நாள் கிடந்து வீடு முழுக்க வெந்தய வாசனை. மூன்றாம் நாள் வராந்தாவில், செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் வைத்தோம். காலையில் குப்பை எடுக்க வரும் பையன், ஈரக் குப்பையான 'ஓலா'வுக்கு ஒன்று, உலர்ந்த 'சுகா'வுக்கு ஒன்று என்று இரண்டு டப்பாக்களோடு வந்தான். பறவையின் வயிற்றில் விரலால் அமுக்கினான், ஈரம். காலைத் தட்டினான், கம்பி. இறக்கையைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் பெல் அடித்தான்.

"யே ஓலா ஹை யா சுகா?"

எனக்கும் தெரியவில்லை. என் இடுப்புக்குக் கீழிருந்து மகள் எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"பிளெமிங்கோ."