"கட்டினியா தம்பி?"

"கட்டினியா தம்பி? தெரியவே இல்லையே."

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா மெஷினின் மேசையில் படுத்திருந்த அந்த அம்மா இப்படிக் கேட்டபோது, இடுப்புப் படத்துக்காக அவருடைய இடது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி, பட்டையை இறுக்கிக் கட்டி முடித்திருந்தேன். "கட்டியாச்சும்மா, ஆடாம இருங்க" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டேன்.

வயது 61, எடை 84 கிலோ, சர்க்கரை வந்து 14 வருடம். தாலிச் சங்கிலியில் கோர்த்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார். படம் முடிந்ததும் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"எலும்பு எப்படி இருக்கு தம்பி?"

ரிசல்ட் சொல்வது டெக்னீஷியன் வேலை இல்லை. ஆனால் திரையில் எண்கள் நன்றாக இருந்தன. இளவயது எலும்போடு ஒப்பிட்டு அடர்த்தியைச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். முதுகெலும்பில் அது +0.4, தொடை எலும்பின் கழுத்தில் −0.9. −1 வரை நார்மல், −2.5-ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை. "நல்லா கெட்டியா இருக்கும்மா" என்றேன்.

"உடம்பு கனமா இருந்தா எலும்பும் பலமா இருக்கும்னு சொல்வாங்களே, சரிதானா?"

"சரிதாம்மா."

எட்டு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் வந்தார். அன்று எனக்கு எக்ஸ்ரே டியூட்டி. ராத்திரி பாத்ரூம் வாசலில் செருப்பு கழன்றது தெரியாமல் தடுக்கி விழுந்திருக்கிறார். நான் உள்பக்கம் திருப்பிக் கட்டிய அதே கால் குட்டையாகி, வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இடுப்பு உடைந்திருப்பது படம் எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அந்த வலியிலும் என்னை அடையாளம் கண்டு மகளிடம் சொன்னார்: "இந்தத் தம்பிதான் அன்னைக்குப் படம் எடுத்துச்சு." அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்புறம் சர்க்கரை டாக்டரிடம் கேட்டேன். இரண்டாம் வகைச் சர்க்கரைக்காரர்களுக்கு இந்த எண் பெரும்பாலும் நார்மலாகவோ கூடுதலாகவோதான் வரும், ஆனாலும் இடுப்பு அதிகமாக உடைகிறது என்றார். எங்கள் மெஷின் அளப்பது தாதுச் சத்தை மட்டும்தான். அதாவது கட்டடத்தில் சிமென்ட் எவ்வளவு என்று சொல்லும், உள்ளே இருக்கும் கம்பியைப் பற்றிச் சொல்லாது. எலும்புக்குக் கம்பி கொலாஜன் நார். வருடக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது இந்த நாரில் ஒட்டி, வளையாமல் முறியும்படி ஆக்கிவிடுகிறது. பழைய எலும்பை எடுத்துப் புதிதாகப் போடும் வேலையும் மந்தமாகிவிடுவதால் விட்ட விரிசல் சீக்கிரம் ஆறுவதில்லை.

எடை விஷயத்திலும் நான் சொன்னது பாதிதான் சரி. பாரம் தாங்கித் தாங்கி எலும்பு அடர்த்தியாகும், உண்மை. ஆனால் அதே பாரத்தோடு விழும்போது அடியும் பலமாக விழும். பருமனான பெண்களுக்குக் கணுக்கால் அதிகம் உடைகிறது. வைட்டமின் டி கொழுப்பில் போய்த் தங்கிவிடுவதால் ரத்தத்தில் குறைவாக இருக்கும். முதுகில் முள்போல வளர்ந்த எலும்பும் சேர்ந்து எண்ணை உயர்த்திக் காட்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் +0.4-ஐப் பார்த்துத்தான் "கெட்டி" என்றேன்.

எலும்பு முறியும் வாய்ப்பைக் கணக்கிட டாக்டர்கள் பயன்படுத்தும் ஃப்ராக்ஸ் படிவத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரைக்குத் தனிக் கட்டம் இல்லை. அதற்குப் பதிலாக முடக்குவாதக் கட்டத்தில் டிக் போடுகிறவர்கள் உண்டு, டி-ஸ்கோரில் 0.5 கழித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்த அம்மாவுக்குக் கழித்தாலும் −1.4தான், எலும்புப்புரைக்கு எட்டாத எண். இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டரும் நார்மல் என்றுதான் எழுதினார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அவர் விழுந்திருப்பார்.

இருக்கலாம். ஆனால் பாதத்தில் இறுக்கிக் கட்டிய பட்டை தெரியவில்லை என்று அவர் சொன்னது என்னிடம் மட்டும்தான். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கலாம் என்பதற்கு அடையாளம் அது. அது எந்த ரிப்போர்ட்டிலும் வரவில்லை. பாத்ரூமில் பிடிமானக் கம்பி, ராத்திரி விளக்கு, பின்வார் வைத்த செருப்பு, இதையெல்லாம் யாராவது சொல்லியிருக்க முடியும். நான் "கெட்டி" என்று சொன்னதால்தான் அவர் பார்த்து நடப்பதை விட்டுவிட்டாரோ என்றும் தோன்றும். அவரிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது யார் கேட்டாலும் "டாக்டர் சொல்வாங்க" என்பதோடு சரி. அதுதான் விதி. ஆனால் அன்று நான் தவறியது பேசியதாலா, பேச வேண்டியதைப் பேசாததாலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பட்டை கட்டும்போது மட்டும் "தெரியுதாம்மா?" என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு அம்மா "தெரியலையே" என்றார். குறிப்பு இடத்தில் எழுதினேன்.

"அதை எதுக்குப்பா எழுதுற?"

"சும்மாதாம்மா" என்றேன்.