காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

புற்றுநோய் வார்டில் செவிலியாக இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கீமோதெரபிக்காகக் கையிலோ மார்பிலோ குழாய் பொருத்திய நோயாளிகளின் வீட்டார், "போட்ட இடம் சிவக்கவில்லை, சீழ் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சீழ் பிடிக்கவே வெள்ளை அணுக்கள் வேண்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோபில், கீமோவால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கிய உடலில் அவை எங்கே இருக்கின்றன? தோல் பளிச்சென்று இருக்கும். குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும். பல நேரங்களில் காய்ச்சல் மட்டுமே அறிகுறி.

101 டிகிரி ஒருமுறை காட்டினாலும் போதும், பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும்.

தடுப்பது பெரிய வித்தை இல்லை. கை கழுவுதல், தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல் போன்ற பழக்கங்களாலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தத் தொற்று 66% வரை குறைந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்து ஏற்றும் முன் குழாயின் முனையை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். அவசரமாகத் துடைத்தால், "சிஸ்டர், இன்னொரு முறை தேய்த்துவிடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். குழாய் இன்னும் தேவையா என்று மருத்துவரிடமும் கேளுங்கள்.